வாசலோடு திரும்பிய சனிக்கிழமைகள்

அன்புள்ள குழலி,

போன வாரம் நீ கோயம்புத்தூருக்குத் திரும்பும்போது தென்காசி பஸ் ஸ்டாண்டில் வைத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "அந்த நாலு வருஷம் ஏன்ப்பா எங்கள அங்கன கூட்டிட்டுப் போகல?" என்றாய். நான் "பஸ் வந்துட்டு பாரு, ஏறு" என்றேன். வந்து நின்றது உன் பஸ் இல்லை, ராஜபாளையம் பஸ். நீயும் அதைப் பார்த்தாய். பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்காமல் பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாய். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் உனக்குப் போன் செய்ய எடுத்து, எடுத்து வைத்துவிட்டேன். பேசினால் பாதியிலேயே பொய்க்குள் போய்விடுவேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்கு இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். ஆட்டோ ஓட்டும் பரமசிவன் வீட்டில் உன் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனோம். அவன் மகளும் உன் தம்பி காசியைப் போலத்தான். சனிக்கிழமைக் கூட்டத்தில் காசிக்குப் பக்கத்துப் பாயில்தான் உட்காருவாள். பேச்சோடு பேச்சாக அவன் சொன்னான்: "ஒங்க அப்பா என்ன லேசுப்பட்ட ஆளா? வருசக்கணக்கா வாசல் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போனவருல்லா." வேடிக்கையாகத்தான் சொன்னான். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்த இடம் மூடிவிட்டது என்றுதானே நான் உன்னிடம் சொல்லியிருந்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். காசிக்கு மூன்று வயது. உனக்கு எட்டு. "ம்மா", "தண்ணி", "பூச்சி" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்த நாலைந்து வார்த்தைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. உன் அம்மாதான் முதலில் கவனித்தாள். "இங்கேருங்க, பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கான். காது கேக்கலையோன்னு பாத்தா, தெருவுல ஐஸ்காரன் மணிச் சத்தத்துக்கு ஓடுதான். எனக்கு என்னமோ பயமா இருக்கு" என்றாள். ஆண் பிள்ளை தாமதமாகத்தான் பேசும், எங்கள் பெரியப்பா ஐந்து வயதில்தான் வாய் திறந்தார் என்று நான் அவளை அடக்கினேன். அப்போது நான் ஆயுதப்படையில் இருந்தேன். அந்த ஆடி மாதம் எனக்குக் குற்றாலத்தில் சீசன் பந்தோபஸ்து. பேரருவிக் கரையில், ஆண்கள் பக்கத்தையும் பெண்கள் பக்கத்தையும் பிரிக்கும் கம்பித் தடுப்பு ஓரத்தில் நிற்க வேண்டும்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நல்ல சாரல், நல்ல தண்ணீர், மூச்சுவிட இடமில்லாத கூட்டம். பெண்கள் பக்கத்தில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால், பதினைந்து வயதிருக்கும், மீசை அரும்பிய பையன் ஒருவன், அரைக்கால் டிரவுசரோடு அங்கே நடுவில் நிற்கிறான். அவன் எந்தப் பெண்ணையும் பார்க்கவில்லை. தெறிக்கும் தண்ணீருக்கு நேரே இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை முகத்துக்கு முன்னால் படபடவென்று ஆட்டி, அதன் இடுக்கு வழியாகத் துளிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "ஏலே, அங்கிட்டு போ" என்றேன். திரும்பவில்லை. இரண்டாம் முறையும் திரும்பவில்லை. மூன்றாம் முறை கையைப் பிடித்து இழுத்தேன். அவன் அலறி, என் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சீருடையில் இருக்கிற ஒருவனைக் கடித்துவிட்டான். நான் லத்தியால் அடித்தேன். முதுகில் ஒன்று, காலில் இரண்டு. அவன் அப்படியே பாறையில் உட்கார்ந்தான். அடி விழுந்த இடத்தைத் தடவவில்லை, அடுத்த அடியைக் கையால் தடுக்கவில்லை. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான். நான் கத்தியதுதான் அவனுக்கு அடியைவிட வலித்திருக்கிறது.

ஈரச் சேலையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் அம்மா ஓடி வந்தார். "சார், அடிக்காதீங்க சார். அவனுக்கு வெவரம் தெரியாது சார்" என்று அவன்மேல் கவிழ்ந்துகொண்டார். நான் சொன்னதை உனக்கு அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் குறைக்காமல்: "வெவரம் தெரியாதவன எதுக்குக் கூட்டத்துக்குள்ள கூட்டிட்டு வாரீய? வீட்டுல கட்டிப் போட்டு வளக்க வேண்டியதான?" சுற்றி நின்றவர்களில் சிலர் சிரித்தார்கள். அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஒங்களுக்குப் பிள்ளை உண்டுமா சார்?" என்று மட்டும் கேட்டார். அவனைத் தூக்கி நிறுத்தித் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். பின்வாசல் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு காசி நின்றிருந்தான். இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கி, விரல்களைப் படபடவென்று ஆட்டி, இடுக்கு வழியாகத் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான் மணிக்கட்டில் கட்டுப் போட்ட கையோடு அங்கேயே நின்றேன். குழலி, ஆட்டிசம் என்ற வார்த்தையை டாக்டர் வாயிலிருந்து நான் கேட்டது அதற்கு நான்கு வருடம் கழித்து. ஆனால் எனக்கு அன்றைக்கே தெரியும். உன் அம்மாவிடம் நான் சொல்லவில்லை. போய்க் குழாயை மூடினேன். அவன் கத்தினான். இனிமேல் இவனை வெளியே விடாதே என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அந்த மாதமே முன்வாசலுக்குக் கிரில் கதவு போட்டேன். திருடன் பயம் என்று உங்களிடம் சொன்னேன். விருந்தாளி வந்தால் அம்மாவும் காசியும் பின்னறைக்குப் போக வேண்டும். பண்பொழிப் பக்கம் ஒருவர் பத்திய மருந்து கொடுத்தார்; அதைக் குடித்துப் பிள்ளை ஒரு வாரம் வயிற்றுப்போக்கில் கிடந்தான். ஒரு கொடை விழாவில் சாமியாடியிடம் நிறுத்தி வேப்பங்குலையால் அடிக்க வைத்தேன். அங்கேயும் அவன் காதைத்தான் பொத்தினான். இதெல்லாம் அறியாமையில் செய்ததென்று அம்மா கடைசிவரை நம்பினாள். அறியாமை இல்லை. தெரிந்த ஒன்றைத் தெரியாததாக ஆக்கிக்கொள்ள எவ்வளவு தூரம் போகலாமோ அவ்வளவு தூரம் போனேன்.

காசிக்கு ஏழு வயதானபோது பள்ளிக்கூடத்தில் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது தென்காசி தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாவற்றுக்கும் திருநெல்வேலிதான். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னார்கள். அம்மா அழவில்லை, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? "பேருன்னு ஒண்ணு இருக்குல்லா. பேரு இருந்தா வழி இருக்கும்" என்றாள். அங்கே இருந்த பயிற்சியாளர் அம்மா ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். தென்காசியிலேயே, தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய பள்ளிக்கூட அறையில், சனிக்கிழமைதோறும் மூன்று மணிக்கு இந்த மாதிரிப் பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் கூடுகிறார்கள் என்றார். "மாசத்துக்கு ஒரு தடவ நீங்க இங்க வாரதவிட வாரா வாரம் அங்க போறதுதான் ஒங்களுக்கு உதவும்" என்றார். அந்தச் சீட்டு என் சட்டைப் பையில் இருந்தது. நானே முதலில் போய்ப் பார்த்து வருகிறேன் என்று சொல்லிப் போனேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏழெட்டுப் பிள்ளைகள், பாய்கள், ஒரு தையல் மெஷின். ஒரு மூலையில் நெடுநெடுவென்று வளர்ந்த வாலிபன் ஒருவன் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான். நடுவில் நின்று பேசிக்கொண்டிருந்தது அருவிக்கரையில் என்னைக் கேள்வி கேட்ட அந்த அம்மா. எஸ்தர். அந்தக் கூட்டத்தை ஆரம்பித்தவரே அவர்தான் என்று பிறகு தெரிந்தது. வடகரைக்காரர், தையல் வேலை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை முகாமுக்காகத் திருநெல்வேலி போகும் பஸ்ஸில் தன்னைப் போலவே பிள்ளையோடு வந்த இரண்டு தாய்மாரைச் சந்தித்து, மூன்று பேராகத் தொடங்கியிருக்கிறார். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வந்த வழியே திரும்பினேன். வீட்டில் அம்மா கிரிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "என்னங்க, ஆளுக இருக்காவளா?" என்றாள். "பூட்டிக் கெடக்கு. நின்னு போச்சாம்" என்றேன்.

அடுத்த நான்கு வருடங்களில் பல சனிக்கிழமை அந்த வாசல் வரைக்கும் போயிருக்கிறேன். மகளை இறக்கிவிட வந்த பரமசிவன் ஆட்டோவிலிருந்து அதைப் பார்த்திருக்கிறான். என் வேலைக்கு ஆபத்து வரும் என்று பயந்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. அந்த அம்மா ஒருநாளும் புகார் கொடுக்கவில்லை. 'கட்டிப் போட்டு வளக்க வேண்டியதான' என்று சொன்ன வாயால் அவரிடம் போய் 'என் பிள்ளைக்கு வழி சொல்லுங்க' என்று கேட்க முடியவில்லை. அவ்வளவுதான் காரணம். என் முகத்தைக் காப்பாற்ற உங்கள் மூன்று பேரின் நான்கு வருடங்களைச் செலவழித்தேன்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. அது பரமசிவனுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. உனக்குப் பன்னிரண்டு வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தாய். "அப்பா, எங்க டீச்சர் சொன்னாங்க, தம்பி மாதிரி பிள்ளையளுக்கு சனிக்கிழமை ஒரு எடம் இருக்காம்லா, சர்ச்சுக்குப் பின்னால" என்றாய். "அது மூடியாச்சு" என்றேன். "இல்லப்பா, போன வாரங்கூட நடந்துச்சாம்" என்றாய். அம்மா அடுப்படியில் இருந்தாள்; அவள் காதில் விழவில்லை. அந்த மாதமே உன்னை அச்சன்புதூர் அத்தை வீட்டுக்கு அனுப்பினேன். தம்பி போடும் சத்தத்தில் படிப்பு கெடுகிறது என்றேன். நீ மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனை என்று நினைத்து, ஒவ்வொரு பரீட்சைக்கும் மார்க் ஷீட்டை எனக்கு அனுப்பி வைத்தாய். தொண்ணூற்றிரண்டு, தொண்ணூற்றைந்து. 'இப்ப வரட்டுமாப்பா' என்று ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய். உன் படிப்புக்காக இல்லை, மகளே. நீ அம்மாவிடம் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக உன்னை வீட்டை விட்டு அனுப்பினேன்.

நீ போன பிறகு அம்மாவுக்கு அந்த வீட்டில் பேசுவதற்கு யாருமில்லை. காசி வளர வளர அவன் பலமும் வளர்ந்தது. தலையைச் சுவரில் மோதுவான். அவன் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் அவள் தன் கையை வைப்பாள். அப்படித்தான் அவள் இடது கை விரல் இரண்டு ஒடிந்தது. வழுக்கி விழுந்ததாக உன்னிடம் போனில் சொன்னாள். கடைசி ஒரு வருடமாக அவளுக்கு மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் ரத்தம் போனது. "ஆஸ்பத்திரிக்குப் போகணும்ங்க" என்று என்னிடம் இரண்டு முறை சொன்னாள். "போயிட்டு வா" என்றேன். "இவன யாரு பாப்பா?" என்றாள். அதற்குப் பதில் இருந்த அறை நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது.

காசிக்குப் பதினோரு வயது. அன்று காலையில் டியூட்டிக்குக் கிளம்பிய அவசரத்தில் கிரிலைப் பூட்டாமல் போனது நான்தான். அம்மா குளியலறையில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். எழுந்து வந்து பார்த்தால் பிள்ளை இல்லை. சேலை முழுக்கக் கறையோடு தெருவில் ஓடியிருக்கிறாள். எதிரே வந்த பரமசிவன் ஆட்டோவை நிறுத்தி, "பிள்ளை பேசுமாக்கா, பேசாதா?" என்று கேட்டான். வேறு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்கள். பேசாது என்றதும் அவன் எஸ்தருக்குப் போன் செய்தான். அந்தக் கூட்டத்தாரிடம் ஒரு நோட்டு உண்டு, நீ பார்த்திருப்பாய். ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன பிடிக்கும், எதற்குப் பயம், காணாமல் போனால் எந்தெந்தத் தண்ணீர்க் கரைக்கு யார் முதலில் ஓட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் தண்ணீரைத் தேடித்தான் போகும் என்று அவர்களுக்குத் தெரியும். காசியின் பெயர் அந்த நோட்டில் இல்லை. இருந்தும் தையல் மெஷினை விட்டு, அடுப்பை விட்டு, கடையை விட்டுப் பதினோரு பேர் குளம், கால்வாய், ஆறு என்று பிரிந்து ஓடினார்கள். நான் செய்தி கேட்டு யானைப்பாலம் படித்துறைக்கு வந்தபோது, சிற்றாற்றில் மார்பளவு தண்ணீரில் எஸ்தர் நின்றுகொண்டிருந்தார். காசியைப் பின்னாலிருந்து இறுக்கமாகக் கட்டிப் பிடித்திருந்தார். அவன் கத்தவில்லை. அப்படி அழுத்திப் பிடித்தால் அவன் அடங்குவான் என்று பெற்ற எனக்குத் தெரியாது.

நான் சீருடையில் இருந்தேன். கரையேறி வந்து அவனை என் கையில் கொடுத்தார். என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு பரமசிவனோடு படித்துறைக்கு வந்து நின்ற அம்மா பக்கம் திரும்பினார். அவள் சேலையைப் பார்த்தார். "ஏட்டி, எத்தன நாளா ஒனக்கு இப்படிப் போகுது?" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். "திங்கக்கெழம நீ ஆஸ்பத்திரிக்குப் போற. பிள்ளைய நாங்க பாக்கோம். சனிக்கெழம மூணு மணிக்கு ரெண்டு பேரும் கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, சேலையைப் பிழிந்துகொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழியில் அம்மா என்னிடம் கேட்டாள்: "நின்னு போச்சுன்னு சொன்னீய?" நான் எதையோ உளறினேன். அவள் அதன் பிறகு கேட்கவே இல்லை. கேட்க அவளுக்கு நேரமும் இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை டியூட்டியிலிருந்து நேரே அம்மாவையும் காசியையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே கால் வைத்ததும் மூலையில் ஆடிக்கொண்டிருந்த அந்த வாலிபன் என்னைப் பார்த்தான். என்னை இல்லை, காக்கியை. இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் நுழைந்துகொண்டான். அவன்தான் எஸ்தரின் மகன் சாம். இருபத்துமூன்று வயது ஆள், முழங்காலைக் கட்டிக்கொண்டு மேஜைக்கு அடியில். அருவிக்கரையில் நான் அவனை அடித்து எட்டு வருடம் ஆகியிருந்தது. நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். எஸ்தரும் வந்தார்.

"அக்கா, அன்னைக்கு அருவியில..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் அண்ணாச்சி. ஆத்துலயே தெரிஞ்சிட்டு."

"தெரிஞ்சுமா வரச் சொன்னீய?"

"நான் ஒங்களையா வரச் சொன்னேன்? அந்தப் பிள்ளையையும் அதப் பெத்தவளையும் வரச் சொன்னேன்." உள்ளே மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தபடி சொன்னார்: "அவனுக்கு இருந்த ஒரே சந்தோசம் அந்த அருவி. வருசத்துக்கு ஒருக்கா கூட்டிட்டுப் போவோம், அதுக்காகவே பாக்கி நாளெல்லாம் இருப்பான். அதுக்கப்புறம் தண்ணிச் சத்தம் கேட்டாலே காதப் பொத்துதான். மழை பேஞ்சா எங்க வீட்டுல நாங்க யாரும் தூங்குறதில்ல. மன்னிச்சிட்டேன்னு நான் சொல்லுவேன்னு பாக்காதீங்க. எனக்கு அது வரல. அடுத்த வாரம் சட்டைய மாத்திட்டு வாங்க."

சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். இன்றுவரை போகிறேன்.

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் வந்திருந்த புற்றுநோய் அதற்குள் பரவியிருந்தது. பதினோரு மாதம் இருந்தாள். உனக்கு அந்த மாதங்கள் தெரியும். பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தோடு அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நீ உட்கார்ந்திருந்தாய். அப்போது காசி எங்கே இருந்தான் என்று உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். திங்களும் புதனும் பரமசிவன் வீட்டில், செவ்வாய் வியாழன் எஸ்தரிடம், மற்ற நாளில் வேறு இரண்டு வீடுகளில். சாப்பாட்டுத் தட்டு, அவன் விடாத பச்சைத் துண்டு எல்லாம் ஒரு பையில் வீடு மாறி வீடு போனது. அந்த மாதங்களில்தான் அவன் படம் காட்டிச் சாப்பாடு கேட்கக் கற்றுக்கொண்டான். வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பு ஆசிரியை, மூன்று வயதில் ஆரம்பித்திருந்தால் இவன் எவ்வளவோ வந்திருப்பான் என்று சாதாரணமாகச் சொன்னார். அவருக்கு எதுவும் தெரியாது. அம்மாவைச் சீக்கிரம் காட்டியிருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரிடம் நான் கேட்கவில்லை. கேட்கும் தைரியம் இல்லை. நீ ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறவள். அதற்குப் பதில் என்னைவிட உனக்குத் தெரியும்.

சாம் ஐந்து வருடத்துக்கு முன்னால் இறந்தான். வலிப்பு வரும் அவனுக்கு. அன்று வந்தது நிற்கவில்லை. செய்தி தெரிந்து நாங்கள் எல்லோரும் எஸ்தர் வீட்டுக்கு ஓடினோம். பெட்டி தூக்க ஆள் சேர்ந்தபோது நானும் முன்னால் போனேன். எஸ்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, நீங்க தூக்க வேண்டாம்" என்றார். நான் விலகினேன். "எல்லாரும் கல்லறைக்கு வரணும்னு நிக்காவ. பிள்ளையள யாருகிட்ட விடுறது? நீங்க அங்க போயி எல்லாத்தையும் பாத்துக்கிடுங்க. ஒங்ககிட்டன்னா எனக்குக் கவல இல்ல" என்றார். அன்று அந்த அறையில் ஒன்பது பிள்ளைகளோடு நான் தனியாக இருந்தேன். ஒருத்தி கத்தினாள், ஒருவன் டிரவுசரை ஈரமாக்கிக்கொண்டான், காசி என் சட்டையைப் பிடித்துக்கொண்டே சுற்றினான். சாம் உட்காரும் மூலையில் எந்தப் பிள்ளையும் உட்காரவில்லை. அன்று அழுததைப் போல நான் உன் அம்மாவுக்கும் அழவில்லை. இதையும் நீ தெரிந்துகொள்.

இப்போது உன் கல்யாணத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை வீட்டில் "தம்பிக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லியிருக்கிறாய் என்று அத்தை சொன்னாள். அந்தப் பழக்கம் என்னிடமிருந்து உனக்கு வந்தது. விட்டுவிடு. இந்தக் கடிதத்தையே அவரிடம் கொடு. படித்துவிட்டுப் போகிறவர் என்றால் இப்போதே போகட்டும். பத்து வருடம் கழித்து ஒரு வாசலில் நின்று யாரும் எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காசி மண்டபத்தில் இருப்பான், பின்னறையில் இல்லை. மேளச் சத்தம் தாங்காத நேரத்தில் பரமசிவனும் அவன் மனைவியும் மாறி மாறி அவனை வெளியே கூட்டிப்போவார்கள். அதை அவர்களே நோட்டில் எழுதி வைத்துவிட்டார்கள்.

எனக்கு ரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது. போன மாதம் படியேறும்போது கண் இருட்டி விழுந்தேன். உன்னிடம் சொல்லவில்லை. காசிக்குச் சட்டப்படி ஒரு பாதுகாவலர் வேண்டும். கலெக்டர் அலுவலகத்தில் உள்ள குழு விசாரித்து நியமிக்கும். விண்ணப்பத்தில் முதலில் என் பெயர். எனக்குப் பிறகு யார் என்பதற்குப் பரமசிவன் சம்மதித்திருக்கிறான். எங்களில் யார் முதலில் போனாலும் மற்றவர் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று கூட்டத்தில் பேசி வைத்திருக்கிறோம். உன் பெயரை நான் எழுதவில்லை. உன்னைக் கேட்காமல் உன் வாழ்க்கையை ஒருமுறை இடம் மாற்றி வைத்தவன் நான். இன்னொரு முறை செய்ய மாட்டேன். நீயாக வந்தால் வா. வராவிட்டால் அதற்காகக் குற்ற உணர்ச்சியோடு வாழாதே. ஒரே ஒரு ஆளை நம்பி இந்தப் பிள்ளைகளை விட முடியாது. உன் அம்மா அப்படித்தான் செத்தாள்.

உனக்கு ஒரு குழந்தை பிறந்து, கூப்பிட்ட குரலுக்குத் திரும்பவில்லை என்று என்றைக்காவது தோன்றினால், அன்றைக்கே கிளம்பு. அரசு ஆஸ்பத்திரியில் இப்போது சின்னப் பிள்ளைகளுக்கென்று தனி மையம் இருக்கிறது. அடையாள அட்டைக்கு நம் ஊரிலேயே முகாம் நடக்கிறது. எந்த ஊரிலும் தேடினால் நாலு பெற்றோராவது இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்கு நீ என்றைக்கோ கெடுதல் செய்திருந்தாலும் போ. திட்டினால் வாங்கிக்கொள்.

இதைச் சனிக்கிழமை கூட்டத்தில் படிக்கலாமா என்று எஸ்தரிடம் கேட்டேன். புதிதாக வரும் குடும்பங்களில் அம்மா மட்டும் வருகிறாள். அப்பா பைக்கில் இறக்கிவிட்டு, தெருமுனையில் நிற்கிறான். அவர்களுக்காகக் கேட்டேன். எஸ்தர் இதுவரை எழுதியது முழுவதையும் படித்தார். "சாம் பேர மட்டும் மாத்திராதீங்க" என்றார்.

இன்னும் ஒன்று மிச்சமிருக்கிறது, குழலி. அம்மா இல்லாவிட்டாலும் தாரை வார்த்துக் கொடுக்க அப்பா நிற்பதுதான் நம் பக்கத்து முறை. இதையெல்லாம் படித்த பிறகு நான் உன் கையைப் பிடித்துக் கொடுப்பதற்கு உனக்கு மனம் வருமா என்று எனக்குத் தெரியவில்லை. வராவிட்டால் அத்தையும் மாமாவும் நிற்கட்டும். நீ வளர்ந்தது அவர்கள் வீட்டில்தானே. மாமாவிடம் நானே பேசிவிடுகிறேன், நீ யாருக்கும் காரணம் சொல்ல வேண்டாம். நான் கீழே காசியோடு உட்கார்ந்திருப்பேன். பத்திரிகையில் என் பெயர் அச்சாகிவிட்டதே என்று மட்டும் பார்க்காதே. உன் முடிவை எனக்குப் போனில் சொல்ல வேண்டியதில்லை. அத்தையிடம் சொல்லி அனுப்பினால் போதும்.

அப்பா